வணிகம் படிக்க வரும் பிள்ளைக்கு வழித்துணை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் கல்வெட்டு பற்றித்தான் இவர் எழுதுவார் என்று நினைத்திருப்பார்கள். கல்வெட்டும் இதில் வரும். ஆனால் இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் பிள்ளைகள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் எம்.பி.ஏ. படிப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அகமதாபாத், கொல்கத்தா, லக்னோ, இந்தூர், ஜாம்ஷெட்பூர் என்று நாம் வாழும் நகரங்களில் வந்து இறங்குகிறார்கள். இரண்டு வருஷப் படிப்பு. அந்த இரண்டு வருஷத்தில் அவர்களுக்கு யார் துணை, அந்தத் துணையை எப்படித் தேடிக்கொள்வது, நம்மைப் போன்ற குடும்பங்கள் அதில் என்ன செய்யலாம் என்பதை ஒரு வியாபாரியின் அனுபவத்தோடு சேர்த்து விளக்க முயல்கிறேன்.

நான் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு நயினார் குடும்பத்தில் பிறந்தவன். 1981ல் இந்த அகமதாபாத்துக்கு வந்து துணி வியாபாரத்தில் இறங்கினேன். கடை மூடிய பிறகு படித்த படிப்புதான் என் படிப்பு. ஆகவே மேலாண்மைக் கல்வியைப் பற்றி வல்லுநர் போலப் பேச வரவில்லை. அந்தக் கல்வி கற்கும் பிள்ளைகள் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

சாத்தும் கோவலனும்

வணிகர்கள் கூட்டமாகச் செல்வதற்குப் பழந்தமிழில் 'சாத்து' என்று பெயர். சரக்கும் வண்டியும் காவலாளும் சேர்ந்து புறப்படும் கூட்டம் அது. காடும் மலையும் கடக்க வேண்டிய காலத்தில் தனியாகப் போகும் வியாபாரி ஊர் போய்ச் சேருவது சந்தேகம். அந்தச் சாத்துக்குத் தலைமை தாங்கும் பெருவணிகன் சாத்துவன். கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான். பெயரிலேயே கூட்டம் இருக்கிறது பாருங்கள்!

இந்த மாசாத்துவானின் மகன் மதுரைக்குப் போனபோது சாத்தோடு போகவில்லை. கண்ணகியும், வழியில் துணையாக வந்த கவுந்தியடிகள் என்னும் சமணப் பெண் துறவியும் மட்டுமே உடன் இருந்தார்கள். மதுரையின் புறத்தே தங்கிய பிறகு, நகரத்து வணிகர்களிடம் என் நிலைமையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கவுந்தியடிகளிடம் கூறித்தான் கோவலன் ஊருக்குள் போகிறான். போனவன் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். எந்த வணிகனையாவது சந்தித்துப் பேசினான் என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. பிறகு மாடலனும் கவுந்தியடிகளும் சேர்ந்து மறுபடியும் அதையே சொல்கிறார்கள். உள்நகரில் உன் குலத்தார் இருக்கிறார்கள், உன் பெருமை தெரிந்து ஏற்றுக்கொள்வார்கள், பொழுது சாய்வதற்குள் அங்கே போ என்கிறார்கள். அதற்குள் மாதரி வந்து சேர, அடைக்கலம் ஆயர் குடியிருப்பில் அமைந்துவிடுகிறது. அங்கிருந்து நேரே சிலம்பை விற்கக் கடைத்தெருவுக்குப் போகிறான். பொற்கொல்லனின் சூழ்ச்சியில் சிக்கியபோது, "இவனை எனக்குத் தெரியும், இவன் புகார் நகரத்து மாசாத்துவானின் மகன்" என்று சொல்ல அந்த மாநகரத்தில் ஒரு வணிகன்கூட இல்லை.

கோவலன் ஏன் அந்த வணிகர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை? உரையாசிரியர்கள் என்ன சொன்னாலும், ஒரு வியாபாரியாக எனக்குத் தோன்றும் காரணம் வெட்கம். குடும்பச் செல்வத்தையெல்லாம் தொலைத்தது தனக்கு நாணத்தைத் தருகிறது என்று புகாரிலேயே அவன் கண்ணகியிடம் சொல்லியிருக்கிறான். சிலம்பு என்ற முதல் கையில் இருந்தது. குலப் பெயர் இருந்தது. உதவக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். போய்ச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

எம்.பி.ஏ. படிக்க வரும் பிள்ளைகளில் தடுமாறுகிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் இதே கதைதான். அறிவுக்குக் குறைவிராது. அவ்வளவு கடினமான நுழைவுத் தேர்வைத் தாண்டி வந்தவர்கள். ஆனால் உதவி என்று கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்து, சிலம்பைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக அலைகிறார்கள்.

இந்தப் படிப்பின் தன்மை

மற்ற படிப்புகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய மேலாண்மைக் கழகங்களில் முதல் இரண்டும் 1961ல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பட்டன. பெங்களூரு 1973, லக்னோ 1984, நம் திருச்சிராப்பள்ளி 2011 என்று வளர்ந்து, இன்று 20க்கும் மேற்பட்டவை உள்ளன. அகமதாபாத் கழகம் விக்ரம் சாராபாய், கஸ்தூர்பாய் லால்பாய் ஆகியோர் முயற்சியால், மத்திய, மாநில அரசுகளின் துணையோடு உருவானது. தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியோடு கூட்டு வைத்திருந்ததால், அந்தப் பள்ளியின் 'கேஸ்' முறை இங்கே வேரூன்றியது.

கேஸ் என்பது ஒரு உண்மையான கம்பெனிக்கு வந்த சிக்கலை விவரிக்கும் குறிப்பு. பத்து இருபது பக்கம் இருக்கும். கணக்கு அட்டவணைகள் இணைத்திருப்பார்கள். முந்தின நாள் இரவே படித்து, நீ முதலாளியாக இருந்தால் என்ன முடிவெடுப்பாய் என்று யோசித்துக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டும். ஆசிரியர் பாடம் நடத்துவதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் மார்க் உண்டு. மார்க்கும் மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் கிரேடாக மாறுகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் முதலாவதாக வந்தே பழகிய பிள்ளை, தன்னைப் போன்ற முதலாவதுகள் நிறைந்த வகுப்பில் உட்கார்ந்து, முதல் பருவத்திலேயே நடுவிலோ கடைசியிலோ வரும்போது ஆடிப்போகிறது. இதற்கிடையில் கோடை விடுமுறைக்கான கம்பெனிப் பயிற்சி நேர்காணல் வேறு சில மாதங்களில் வந்துவிடும்.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு வந்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2008லிருந்து நடைமுறைக்கு வந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஒதுக்கீடு முன்பே உண்டு. இதனால் குடும்பத்தில் முதல் பட்டதாரிகளாக வருபவர்கள் பெருகியிருக்கிறார்கள். இது மிக நல்ல மாற்றம். சென்னை மடிப்பாக்கத்தில் தாயார் இட்லி விற்றுப் படிக்க வைத்த சரத்பாபு ஏழுமலை, அகமதாபாத்தில் 2006ல் படிப்பை முடித்துவிட்டு, வேலையை வேண்டாமென்று சொல்லி உணவு நிறுவனம் தொடங்கிய செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அப்படி வரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சட்டென்று பேசும் பழக்கமும், கம்பெனி அதிகாரியான மாமாவும் சித்தப்பாவும் இருக்க மாட்டார்கள். துணை மிகவும் தேவைப்படுவது இந்தப் பிள்ளைக்குத்தான். கேட்க மிகவும் வெட்கப்படுவதும் இந்தப் பிள்ளைதான்.

முதல் வட்டம்: படிப்புக் குழு

துணையை நான் நான்கு வட்டங்களாகப் பார்க்கிறேன். முதலாவது படிப்புக் குழு. ஐந்தாறு பேர் கூடி மறுநாள் கேஸைப் பேசித் தயார் செய்வது. பல இடங்களில் குழுவை நிறுவனமே பிரித்துக் கொடுத்துவிடும்.

மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில் சமணத் துறவிகளுக்கு அமைத்த கற்படுக்கைகளோடு தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. சுமார் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதில் கொடையாளிகளாகப் பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர் எல்லாம் வருகிறார்கள். கொழு என்பது ஏர்க்கொழு. அறுவை என்பது துணி. என் தொழில்காரர் ஒருவர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்! வேறு வேறு சரக்கு விற்பவர்கள் ஒரே இடத்துக்குக் கொடை கொடுத்திருக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது. மாங்குளத்துக் கல்வெட்டிலோ வெள்ளறை என்ற ஊரின் 'நிகமம்', அதாவது வணிகர் அவை, ஓர் அமைப்பாகவே கொடை தருகிறது.

நல்ல படிப்புக் குழுவும் இப்படித்தான் அமைய வேண்டும். ஒருவன் கணக்குத் தணிக்கை படித்தவன், ஒருத்தி டாக்டர், ஒருவன் கான்பூர் இன்ஜினீயர், ஒருவன் ராஜஸ்தானத்தில் அப்பா கடையில் வளர்ந்தவன் என்று இருந்தால், ஆளுக்கொரு சரக்கு கொண்டுவருகிறார்கள். நம் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். "தம்பி, குழுவுக்கு நீ என்ன கொண்டுபோகிறாய் என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துகொள். உனக்குப் புள்ளியியல் நன்றாக வருமென்றால் அதைச் சொல்லிக் கொடு. பதிலுக்கு, நாளைக்கு வகுப்பில் நான் சொல்லப்போவதை முதலில் உங்களிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறேன், திருத்துங்கள் என்று கேள். இது கடன் இல்லை, கொடுக்கல் வாங்கல்." கொடுக்கல் வாங்கல் என்று நினைத்துவிட்டால் வெட்கம் பாதி போய்விடும்.

தமிழ்ப் பிள்ளைகள் சிலர் தமிழர்களாகவே சேர்ந்து ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே அறையில் பேசி இரண்டு வருஷத்தையும் முடித்துவிடுகிறார்கள். ஆறுதலுக்கு அது வேண்டும்தான். ஆனால் அது மட்டும் என்றால் வியாபாரம் நடக்காது. உப்பு வணிகன் உப்பு வணிகனிடமே விற்க முடியுமா?

இரண்டாவது வட்டம்: விடுதி

அகமதாபாத் கழகத்தின் பழைய செங்கல் கட்டடங்களை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான். அவரை இங்கே வரவழைத்தவர் நம் நாட்டுக் கலைஞர் பி.வி. தோஷி. மாணவர் விடுதிகளுக்குக் கான் நீண்ட நடைக்கூடம் வைக்கவில்லை. மாடிப்படியையும் ஒரு தேநீர் அறையையும் நடுவில் வைத்து, அவற்றைச் சுற்றிப் பத்துப் பத்து அறைகளாக அமைத்தார். அறையை விட்டு வெளியே வருகிறவன் இன்னொருவனைப் பார்க்காமல் போக முடியாது என்பது ஏற்பாடு. வகுப்பறைக்கு வெளியே மாணவர்கள் தற்செயலாகக் கூடிப் பேசுவதும் படிப்பில் சேர்ந்ததே என்று அவர் கருதினார்.

இதே எண்ணத்தை நம் செட்டிநாட்டார் தங்கள் 'கிட்டங்கி'யில் வைத்திருந்தார்கள். பர்மா, பினாங்கு, சிங்கப்பூர் நகரங்களில் ஒரே கூடத்தில் பல மார்க்காக்களின் கணக்குப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாய்வு மேசை. பகலில் அங்கேயே தொழில், இரவில் அங்கேயே படுக்கை, பொதுவான சமையல். ஊரிலிருந்து வந்த பெட்டியடிப் பையன் பக்கத்துப் பெட்டி மேலாள் பேசுவதைக் கேட்டே வட்டிக் கணக்கைக் கற்றுக்கொண்டு அடுத்தாளாக உயர்வான். வீட்டு நினைப்பில் அழும் பையனைத் தட்டிக்கொடுக்கவும் அங்கே ஆள் இருந்தது.

ஆகவே விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது இந்தப் படிப்புக்குப் பொருந்தாது. தினமும் ஒரு வேளையாவது தேநீரைக் கூட்டத்தோடு குடிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் தொலைபேசியில் "என்ன மார்க்?" என்று கேட்பதற்கு முன் "யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டால் பல விஷயம் தெரிந்துவிடும். தொடர்ந்து பத்து நாள் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வட்டம்: மூத்தவர்கள்

மஸ்கதி மார்க்கெட்டில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. வெளியூர் வியாபாரி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இங்கே புதிதாக வந்தால் கடனில் சரக்குக் கிடைக்காது. 'ஆடத்தியா' என்று ஒருவர் வேண்டும். தரகு வாங்கிக்கொண்டு, இவர் பணம் வரும், வராவிட்டால் என்னைக் கேளுங்கள் என்று ஏற்பவர். அவர் ஒருவர் வாய்வார்த்தையில் கதவு திறக்கும். நான் வந்த புதிதில் இங்குள்ள ஜைனர்கள் என்னை, மதராஸில் ஜைனரா, அப்படியானால் மார்வாடிதானே என்று கேட்பார்கள். தமிழ் நண்பர்களோ என்னை வடக்கத்தியான் கணக்கில் சேர்ப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் என்னை அறிமுகம் செய்துவைத்தவர் ஒரு முதிய ஆடத்தியா. அவர் ஜைனரும் இல்லை, தமிழரும் இல்லை.

பிள்ளைகளுக்கு அந்த ஆடத்தியா ஸ்தானத்தில் இருப்பவர்கள் ஒரு வருஷம் முன்னால் சேர்ந்த மாணவர்களும், படித்து முடித்து வேலையில் இருக்கும் பழைய மாணவர்களும்தான். இவர்களிடம் போவதில் ஒரு முறை இருக்கிறது. "எனக்கு ஏதாவது உதவி செய்யுங்கள் ஸார்" என்றால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. "இந்த வங்கியின் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், என் விண்ணப்பத்தில் எந்த மூன்று வரியை மாற்ற வேண்டும்?" என்று கேட்டால் பத்து நிமிஷத்தில் பதில் சொல்வார்கள். உதவி கிடைத்தபின் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதித் தெரிவிக்க வேண்டும். பதினைந்து வருஷத்துப் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னார், உதவி கேட்டவர்களில் முடிவைத் திரும்பச் சொன்னவர்கள் பெயர்தான் தனக்கு நினைவிருக்கிறது என்று. வியாபாரத்திலும் அப்படித்தானே!

நான்காவது வட்டம்: ஊர்

நான்காவது வட்டம்தான் நாம். வளாகத்துக்கு வெளியே, மார்க் பற்றியும் வேலை பற்றியும் கேட்காத ஒரு வீடு. எங்கள் வீட்டில் சூரியன் மறைவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், வெங்காயமும் கிடையாது. சின்ன வெங்காய சாம்பார் நினைப்போடு வருகிறவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தும் வருகிறார்கள். காரணம் சாம்பார் இல்லை. தமிழில் புலம்பலாம், பதில் புத்திமதியாக வராது என்பதுதான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் வேண்டாம். இந்த ஊரில் ஒரு கல்வி நிறுவனத்தில் சேர்ந்தான். தமிழ் வழியில் பிளஸ் டூ வரை படித்தவன். முதல் நான்கு மாதம் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பாடங்களில் மிகக் குறைவான கிரேடு. அப்பா நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டியவர் என்பதால் வீட்டில் சொல்லவில்லை. அவனை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தது அவனுடைய குழுவில் இருந்த ஒரு பஞ்சாபிப் பெண். "அங்கிள், இவன் சாப்பிடுவதே இல்லை, உங்கள் பாஷையில் பேசிப் பாருங்கள்" என்றாள். அன்று அவன் அதிகம் பேசவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் என் மனைவியிடம், ஊருக்குத் திரும்பிப் போகவும் முடியவில்லை, இங்கே இருக்கவும் முடியவில்லை அம்மா என்றான். அப்போதுதான் விஷயத்தின் ஆழம் எங்களுக்குப் புரிந்தது. மறுநாளே அவன் சம்மதத்தோடு அந்த நிறுவனத்தின் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனோம். அவன் படிப்பை முடித்தான். இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். அந்தப் பஞ்சாபிப் பெண் கவனித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, சாப்பாடும் பாசமும் ஓர் எல்லை வரைதான் வேலை செய்யும். தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, உயிர் வாழ்வதில் சலிப்பு என்று வந்தால் தேர்ந்தவரிடம் போக வேண்டும். பெரிய கல்வி நிறுவனங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயர்கல்வி மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய உச்ச நீதிமன்றமே 2025 மார்ச்சில் ஒரு தேசியக் குழுவை அமைத்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். "நம் பையனுக்கு அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லும் பெற்றோர்கள், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவதில்லையா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்கக்கூடாத கேள்வி

நம் பழைய வணிகக் குழுக்களின் பெருமையைச் சொன்ன நான் அவற்றின் குறையையும் சொல்ல வேண்டும். கிட்டங்கி தன் நகரத்தாருக்குத்தான் இடம் கொடுத்தது. எங்கள் சமயத்தில் 'சாதர்மிக வாத்ஸல்யம்' என்று ஓர் அறம் உண்டு, தன் சமயத்தாரைப் பரிவோடு தாங்குவது. 1915ல் பம்பாயில் தொடங்கிய மகாவீர ஜைன வித்யாலயத்தின் மாணவர் விடுதிகள் அந்த அறத்தில் பிறந்தவை. அவற்றால் எத்தனையோ ஏழை ஜைனப் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் எந்தக் குழுவிலும் பிறக்காத பிள்ளைக்கு யார் விடுதி?

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கம் அந்த இடத்தை நிரப்பக்கூடிய அமைப்பு. தமிழ் என்ற ஒன்றைத் தவிர வேறு தகுதி இங்கே தேவையில்லை. ஆனால் நம்மில் சிலருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை வந்து வணக்கம் சொன்னதும் "எந்த ஊர்?" என்போம். அதோடு நிற்காமல், "அந்த ஊரில் எந்தத் தெரு? நீங்க எந்த ஆளுங்க?" என்று போவோம். வேறொரு நகரத்தில் படித்த ஒரு மாணவி, இந்தக் கேள்விக்குப் பிறகு தான் அந்த ஊர்ப் பொங்கல் விழாப் பக்கமே போகவில்லை என்று என்னிடம் சொன்னாள். கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்த ஊரில் இருந்த ஒரே தமிழ்க் கதவு அன்றோடு மூடிக்கொண்டது. ஊரைக் கேளுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அதற்கு மேல் பிள்ளையே சொல்லட்டும்.

மகமை

கடைசியாகப் பணம். 2004ல் ஐ.ஐ.எம். ஆண்டுக் கட்டணத்தை 1.5 லட்சம் ரூபாயிலிருந்து 30,000 ரூபாயாகக் குறைக்க மத்திய அரசு ஆணையிட்டது. அதே ஆண்டு ஆட்சி மாறியது, ஆணையும் கைவிடப்பட்டது. இன்று அகமதாபாத்தில் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 25 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. இதற்கு நிலத்தை அடகு வைக்கும் முன் பெற்றோர்கள் இரண்டு விஷயம் விசாரிக்க வேண்டும். ஒன்று, நிறுவனமே குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகை. மற்றொன்று, 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டம். தரவரிசையில் உயர்ந்த நிறுவனங்களில் சேருபவர்களுக்குச் சொத்துப் பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்க இது வழி செய்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதன்பின் உள்ள தவணை விடுப்புக் காலத்திலும் வட்டியில் 3 சதவீதச் சலுகை உண்டு. இந்த வட்டிச் சலுகை எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டது என்பதால் சேர்க்கைக் கடிதம் வந்ததும் விண்ணப்பிப்பது நல்லது.

பெரிய கட்டணத்தைக் கடன் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் தவிப்பது சின்னச் செலவில். நேர்காணலுக்கு ஒரு கோட்டு, பயிற்சிக்குப் பம்பாய் போனால் முதல் மாத அறை முன்பணம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஊருக்கு ரயில் கட்டணம். கேட்க வெட்கப்படும் தொகைகள் இவை.

இதற்கு விருதுநகர், சிவகாசிப் பக்கத்து நாடார் உறவின்முறைகள் வழி காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வியாபாரியும் விற்கும் சரக்கின் மீது ஒரு சிறு தொகையை 'மகமை' என்று பொதுவில் சேர்த்தார்கள். பொதுக் கிணறும் பேட்டையும் பள்ளியும் அதில் எழுந்தன. 1889ல் விருதுநகரில் க்ஷத்ரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். மகமை தர்மம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொடுப்பவனுக்கும் அதில் உரிமை உண்டு. அதனால் பெறுபவனுக்குத் தலைகுனிவு இல்லை. பிறகு அவனும் சம்பாதித்து மகமை கொடுப்பான்.

நம் சங்கத்தில் இதைச் செய்யலாம் என்பது என் வேண்டுகோள். உறுப்பினர் சந்தாவோடு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை மாணவர் மகமையாக வாங்குவது. யாருக்குக் கொடுத்தோம் என்று பெயர் வெளியிடாமல், எவ்வளவு கொடுத்தோம் என்று மட்டும் ஆண்டுக் கணக்கில் காட்டுவது. வேலை கிடைத்தபின் வட்டியில்லாமல் திரும்பச் செலுத்த விட்டுவிடுவது. இத்துடன், ஜூன் மாதத்தில் ஒவ்வொரு கல்வி நிறுவனத்துக்கும் நாமே இரண்டு பேர் போய், புதிதாக வந்த பிள்ளைகளைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பத்தை அறிமுகம் செய்துவைப்பது. பெண் பிள்ளைகளுக்கு அம்மாமார்கள் போவது நல்லது. பிள்ளைகள் நம்மைத் தேடி வருவார்கள் என்று காத்திருந்தால், மிகவும் தேவைப்படுகிறவன் வரமாட்டான். மதுரை வணிகர்களும் கோவலன் வருவான் என்று வீட்டில்தானே இருந்தார்கள்?

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். என் பங்கு மகமையை இக்கட்டுரையோடு சேர்த்தே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் வழக்கம்போல் உண்டு, ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும்.